அக்கார்டியனுக்கு விரல் பலம் எவ்வளவு வேண்டும்?

கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். கீபோர்டு ஓரளவு வாசிக்கத் தெரிந்தவர் பழைய 120 பேஸ் பியானோ அக்கார்டியன் (வலது கைக்குப் பியானோக் கட்டைகள், இடது கைக்கு 120 பேஸ் பட்டன்கள்) ஒன்றை வாங்கியிருக்கிறார். வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் பின்தங்குகின்றன. இடது கை கொஞ்ச நேரத்திலேயே கடுத்துப் போகிறது. கைக்குள் வைத்து அழுத்தும் ஸ்பிரிங் கிரிப் வாங்கினால் விரல் பலப்படுமா, பேஸ் பட்டன்களுக்கு 3-2 விரலமைப்பு சரியா 4-3 சரியா, இல்லை பேசாமல் வலது கைக்கும் பட்டன்களே உள்ள பட்டன் அக்கார்டியனுக்கே மாறிவிடலாமா என்று மூன்று கேட்டிருக்கிறார். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே சந்தேகம்தான்: இந்த வாத்தியத்தில் விரல் செய்ய வேண்டிய வேலை எவ்வளவு? அக்கார்டியன் வாசித்தும் சொல்லிக்கொடுத்தும் வருகிறவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். மருத்துவம் என் துறை இல்லை, வலி பற்றிப் பேசும் இடத்தில் அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விரல் எண்கள் எல்லோருக்கும் தெரிந்த முறைதான்: இரண்டு கையிலும் கட்டைவிரல் 1, சுண்டு விரல் 5.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயம். பியானோவில் கட்டையை வேகமாக அடித்தால் சுத்தியல் வேகமாகப் போய்க் கம்பியை அடிக்கும், சத்தம் கூடும். அக்கார்டியனில் கட்டை ஒரு மூடியைத் திறக்கிறது, அவ்வளவுதான். மூடிக்கு அடியில் துளை, துளைக்கு உள்ளே ரீட், அதாவது காற்றில் அதிரும் மெல்லிய உலோக நாக்கு. ரீடை ஒலிக்க வைப்பது துருத்தியின் காற்று. சத்தம் கூடுவதும் குறைவதும் துருத்தியின் அழுத்தத்தால். நீங்கள் கட்டையை எவ்வளவு ஓங்கி அடித்தாலும் சத்தம் கூடாது. நோட்டு தொடங்கும் விதம் கொஞ்சம் மாறும், மூடி டப்டப் என்று தட்டும் ஓசை கூடுதலாகக் கேட்கும். விரல் தாண்ட வேண்டியது மூடியைப் பிடித்து வைத்திருக்கும் ஒரு சிறிய ஸ்பிரிங்கை மட்டுமே. ஆர்மோனியத்திலும் இதே கதைதான், அங்கே யாரும் விரல் பலத்தைப் பற்றிக் கவலைப்படுவதில்லை.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. துருத்தியை இழுக்கும்போது உள்ளே அழுத்தம் குறைகிறது, வெளிக்காற்று மூடியைத் துளையின் மேல் அமுக்குகிறது. அதனால் கட்டை ஒரு இழை கனமாகிறது. தள்ளும்போது இதற்கு நேர்மாறாக உள்ளிருக்கும் காற்று மூடியைத் திறக்கப் பார்க்கிறது. சத்தம் குறைவாக வாசிக்கும்போது இந்த வித்தியாசம் தெரியாது. சத்தமாக இழுத்து வாசிக்கும்போது பலவீனமான விரல் மட்டும் தாமதிப்பதுபோல் தோன்றினால் இதையும் கணக்கில் வையுங்கள்.

கர்நாடக சங்கீதத்தின் ஜண்டை வரிசை (ஒவ்வொரு ஸ்வரமும் இரட்டையாக வரும் ஆரம்பப் பயிற்சி) கற்றவராக இருந்தால் இப்போதே சோதித்துப் பார்க்கலாம். ஸஸ ரிரி கக என்று போகும்போது இரண்டாவது ஸ்வரத்தில் அழுத்தம் கொடுக்கச் சொல்லித் தந்திருப்பார்கள். அக்கார்டியனில் அதை விரலால் செய்ய முயலுங்கள், ஒன்றும் நடக்காது. விரலை லேசாகவே வைத்துக்கொண்டு, இரண்டாவது ஸ்வரம் வரும் கணத்தில் இடது முன்கையால் துருத்திக்கு ஒரு சின்னத் தள்ளு கொடுங்கள். உடனே கேட்கும். கீபோர்டிலிருந்து வருகிறவர்கள் அழுத்தம் வேண்டிய இடத்திலெல்லாம் விரலைக் குத்துவார்கள், முதலில் களைத்துப் போவது மோதிர விரலும் சுண்டு விரலும்தான். அவர்கள் பலவீனம் என்று நினைப்பதில் பாதி இந்த வீண் உழைப்பு.

மறுபாதி உடலமைப்பு. விரலை மடக்கும், நீட்டும் பெரிய தசைகள் விரலுக்குள் இல்லை, முன்கையில் இருக்கின்றன. சிறிய தசைகள் உள்ளங்கையில் இருக்கின்றன. விரலுக்குள் ஓடுபவை தசைநார்கள். உள்ளங்கையை மேசைமேல் வைத்து, நடுவிரலை மட்டும் உள்ளே மடக்கிக்கொண்டு, மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பாருங்கள். ஆள்காட்டி விரல் எழும், சுண்டு விரலும் எழும், மோதிர விரல் மட்டும் மேசையில் ஒட்டிக்கொண்டதுபோல் கிடக்கும். ஆள்காட்டிக்கும் சுண்டு விரலுக்கும் நீட்டுவதற்குத் தனியாக ஒரு தசை கூடுதலாக உண்டு, மோதிர விரலுக்கு அது கிடையாது. போதாக்குறைக்கு புறங்கையில் அதன் தசைநார் பக்கத்து விரல்களின் தசைநார்களோடு குறுக்குப் பட்டைகளால் பிணைந்திருக்கிறது. மடக்கும் பக்கத்திலும் நடு, மோதிர, சுண்டு விரல்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டுதான் போகும். பயிற்சியால் அந்தப் பட்டை அறுந்துவிடாது. பயிற்சியால் கிடைப்பது, பக்கத்து விரல் இழுக்கும்போது இந்த விரல் எப்போது, எவ்வளவு நகர வேண்டும் என்ற பழக்கம்.

அதனால் ஸ்பிரிங் கிரிப் வேண்டாம் என்பது என் கருத்து. கருத்துதான், நிரூபணம் இல்லை. கிரிப் எல்லா விரல்களையும் ஒன்றாகச் சேர்த்து இறுக்கப் பழக்குகிறது. நமக்குத் தேவை ஒரு விரல் இயங்கும்போது மற்றவை சும்மா இருப்பது. பொதுவான கை ஆரோக்கியத்துக்கு அதைச் செய்கிறேன் என்றால் செய்யுங்கள், வாசிப்பதற்கு முன்னால் மட்டும் வேண்டாம். விரலைக் கட்டி இழுத்துப் பலப்படுத்தும் கருவிகள் பற்றிப் பேசும்போதெல்லாம் ஜெர்மன் இசையமைப்பாளர் ஷூமனின் கதை வரும். 1830களின் தொடக்கத்தில் அவர் வலது கை கெட்டு, பியானோ மேடை வாழ்க்கையே நின்றுபோனது உண்மை. அதற்கு அப்படியொரு கருவிதான் காரணமா என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. அந்தக் கதையைக் காட்டி உங்களைப் பயமுறுத்த மாட்டேன், கருவி வாங்கச் சொல்லவும் மாட்டேன்.

விரலைக் குறை சொல்வதற்கு முன் வாத்தியத்தைப் பாருங்கள், அதுவும் பழைய வாத்தியம் என்கிறீர்கள். அக்கார்டியனை மேசைமேல் கட்டைகள் வானம் பார்க்கும்படி பத்திரமாகக் கிடத்துங்கள். துருத்தி வார்கள் மாட்டியிருக்கட்டும். ஒரே மதிப்புள்ள நாணயங்களை எடுத்து, ஒரு வெள்ளைக் கட்டையின் நுனியில் கட்டை தானாக இறங்கும்வரை ஒவ்வொன்றாக அடுக்குங்கள். எத்தனை என்று குறித்துக்கொண்டு அடுத்த கட்டைக்குப் போங்கள், நாணயம் வைக்கும் இடம் ஒவ்வொன்றிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். நல்ல நிலையில் உள்ள வாத்தியத்தில் வெள்ளைக் கட்டைகள் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில் இறங்கும். நடுவில் நாலைந்து கட்டை மட்டும் இரண்டு மடங்கு கேட்டால் ஸ்பிரிங் மாற்றியிருக்கிறார்கள், அல்லது ஈரத்தில் கட்டையின் மரம் ஊதி உரசுகிறது, அல்லது கட்டைகள் கோத்திருக்கும் கம்பியில் துரு. இதற்கு விரல் பயிற்சி மருந்தாகாது, ரிப்பேர்க்காரரிடம்தான் போக வேண்டும். பேஸ் பக்கமும் இப்படித்தான். ஒரு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்) பட்டனை அழுத்தினால் உள்ளே பல கம்பிகள் சேர்ந்து நகர்ந்து மூன்று ஸ்வரங்களுக்கான மூடிகளைத் திறக்கின்றன. அந்த இயந்திரத்தில் அழுக்கோ வளைவோ இருந்தால் பட்டன் கல்லாகிவிடும்.

அடுத்தது வார். இதை நான் விரலமைப்பைவிட முக்கியமாக நினைக்கிறேன். பியானோவில் கையின் எடையை அப்படியே கட்டைமேல் இறக்கலாம். அக்கார்டியனில் கட்டை வரிசை செங்குத்தாக நிற்கிறது, கையின் எடை கட்டைமேல் விழாது, தரையை நோக்கித்தான் தொங்கும். தோள் வார்கள் தளர்வாக இருந்தால் துருத்தி திரும்பும் ஒவ்வொரு முறையும் வாத்தியம் ஆடும். வலது கை தன்னையறியாமல் அதைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். பிடிக்கும் கை வாசிக்காது. உட்கார்ந்து, துருத்தியை இடது தொடையில் வைத்து, வலது பக்க அடிப்பாகம் வலது தொடையின் உட்புறத்தில் முட்டிக்கொள்ளும்படி வைத்து, வலது கையை எடுத்துவிட்டு துருத்தியை இழுத்துத் தள்ளுங்கள். கட்டைப் பக்கம் அசையாமல் இருக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு இடது தோள் வார் வலதைவிட ஒன்றிரண்டு துளை இறுக்கமாக இருந்தால் சரியாக அமரும். பேஸ் பக்கத்துக் கை வாரை இறுக்க மேலே ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். அதைத் திருகுங்கள். அந்த வார் தளர்ந்திருந்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் கை சறுக்கும், சறுக்காமலிருக்க விரல்கள் பட்டன்களைக் கவ்வும். கொஞ்ச நேரத்தில் கடுப்பதற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று சந்தேகிக்கிறேன். காற்று பட்டனைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, மற்ற நான்கு விரல்களையும் காற்றில் ஆட்டியபடி துருத்தியை இயக்க முடிந்தால் வார் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

இப்போது வலது கை விரலமைப்பு. இங்கே தேர்வு செய்ய வேண்டிய முறை இது: எந்த விரல் பலமானது என்று பார்க்காமல், கையை எங்கே வைத்தால் வரப்போகும் நாலைந்து ஸ்வரங்களும் விரல்களுக்கு அடியிலேயே கிடக்கும் என்று பாருங்கள். மாயாமாளவகௌளை ராகத்தை 1 கட்டை சுருதியில், அதாவது ஸ-வை சி-யில் வைத்து, எடுத்துக்கொள்வோம். கீழே ஸ்வரத்தை ஒட்டி வரும் எண் விரல் எண், ஸ்வர வகை இல்லை. கீபோர்டுக்காரர்கள் வழக்கமாக ஸ1 ரி2 க3 ம1 ப2 த3 நி4 ஸ5 என்று போவார்கள். பார்க்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் த-வுக்கும் நி-க்கும் இடையில் உள்ள பெரிய இடைவெளி 3-க்கும் 4-க்கும் நடுவில் விழுகிறது. கையில் மிகக் குறைவாக விரியும் ஜோடிகளில் அதுவும் ஒன்று. வேகம் கூட்டினால் நி தடுக்கும், உடனே மோதிர விரல் பலமில்லை என்று நினைப்போம். இதையே ஸ2 ரி3 க1 ம2 ப3 த4 நி1 ஸ2 என்று வாசித்துப் பாருங்கள். ரி, த இரண்டும் கறுப்புக் கட்டைகள், அவற்றை நீளமான விரல்கள் எடுக்கின்றன. இரண்டு பெரிய இடைவெளிகளும் கட்டைவிரல் அடியில் நுழையும் இடங்களாக மாறிவிட்டன. கறுப்புக் கட்டைமேல் விரல் இருக்கும்போது கட்டைவிரல் நுழைவதுதான் இருப்பதிலேயே சுலபம். கட்டைவிரல் எப்போதும் காந்தாரத்திலும் நிஷாதத்திலும்தான் இறங்குகிறது, அப்படியே அடுத்த ஸ்தாயிக்கும் போகலாம், இறங்கும்போது அதே எண்களைத் திருப்பினால் போதும். சுண்டு விரலுக்கு வேலையே இல்லை.

அதேபோல் 2½ கட்டை சுருதியில் (ஸ டி-க்கும் ஈ-க்கும் நடுவிலுள்ள கறுப்புக் கட்டை) சங்கராபரணம்: ஸ2 ரி1 க2 ம3 ப4 த1 நி2 ஸ3. பஞ்சமம் கறுப்புக் கட்டை, அதில் மோதிர விரல் இயல்பாக விழுகிறது. கறுப்புக் கட்டை அதிகமுள்ள சுருதி கஷ்டம் என்று பலரும் ஒதுங்குகிறார்கள். கைக்கு அது சுலபம், கண்ணுக்குத்தான் கஷ்டம். மாணவர்களுக்குக் கை வைக்கும் நிலையைக் கற்பிக்க, நீளமான மூன்று விரல்களும் கறுப்பில் அமரும்படி ஈ (E) ஸ்வரத்தில் தொடங்கும் ஐந்து ஸ்வரங்களைத்தான் பியானோ இசையமைப்பாளர் ஷோப்பான் தேர்ந்தெடுத்தார். எல்லா விரலும் சமம் ஆக வேண்டும் என்ற எண்ணமும் அவருக்குப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு விரலுக்கும் அதன் சுபாவம் உண்டு, அதை வைத்து வாசி என்பதுதான் அவர் வழி. அக்கார்டியனில் கட்டையைக் குனிந்து பார்க்கவும் முடியாது என்பதால் விரலுக்குக் கறுப்புக் கட்டைகள் வழிகாட்டியாகவும் உதவுகின்றன.

பியானோ விரலமைப்பு அப்படியே செல்லாத இடங்கள் உண்டு. இங்கே ஒலியை நீட்டிப் பிடிக்கும் பியானோ பெடல் கிடையாது, கட்டையை விட்டால் ஒலி அங்கேயே நிற்கும். ஆகவே இழைந்து போக வேண்டிய இடத்தில் ஆர்கன்காரர்களின் உத்திகள் வேண்டும். அழுத்திய கட்டையை விடாமலேயே விரலை மாற்றுவது, கறுப்பிலிருந்து பக்கத்து வெள்ளைக்கு ஒரே விரலால் வழுக்குவது, 4-ஐ 5-க்கு மேலாகத் தாண்ட விடுவது. பியானோ ஆசிரியர் முகம் சுளிப்பார், பரவாயில்லை. முழு அளவு அக்கார்டியனிலும் வெள்ளைக் கட்டை ஏறக்குறைய 2 செ.மீ. அகலம்தான், பியானோவைவிடக் குறுகல், கட்டை இறங்கும் ஆழமும் குறைவு. அதனால் இந்தத் தாண்டல்கள் இங்கே நன்றாகவே வருகின்றன. எட்டு ஸ்வரம் எட்டாத சின்னக் கைக்கும் எட்டும். குலுங்கும் அலங்காரங்களை 4-5-க்குக் கொடுக்காதீர்கள். ஓரிரு ஸ்வரம் முன்பே கையை நகர்த்தி 2-3-க்குக் கொடுங்கள், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இடது கைக்கு வருவோம். உங்கள் 120 பேஸில் நெடுக 20, குறுக்கே 6 வரிசை. துருத்தியை ஒட்டி கவுன்டர் பேஸ் (பேஸ் ஸ்வரத்தின் காந்தாரம்), அடுத்து பேஸ் (தனி ஸ்வரம்), பிறகு மேஜர், மைனர், செவன்த், டிமினிஷ்ட் என்ற நான்கு வகைக் கார்டுகள். தாடையை நோக்கி மேலே போனால் சி, ஜி, டி என்று பஞ்சமம் பஞ்சமமாக ஏறும். சி பட்டனில் குழியோ கல்லோ இருக்கும். 3-2 என்பது நடுவிரல் பேஸில், ஆள்காட்டி மேஜர் கார்டில். 4-3 என்பது மோதிர விரல் பேஸில், நடுவிரல் கார்டில். இரண்டிலும் தேர்ந்த வாசிப்பாளர்கள் இருக்கிறார்கள், ஒன்றை விதி என்றும் மற்றதைப் பிழை என்றும் சொல்பவரை நம்பாதீர்கள்.

என் சிபாரிசு 4-3. காரணம், ஆள்காட்டி விரல் காலியாகிறது. சி மேஜரில் பேஸ் 4, கார்டு 3, மேலே ஜி பேஸ் 2, மறுபடி கார்டு 3 என்று கை நகராமலேயே மாறி மாறி வாசிக்கலாம். மைனருக்கோ செவன்துக்கோ போகும்போது, அவை தள்ளி இருப்பதால், ஆள்காட்டி அங்கே போகும், மாற்று பேஸை நடுவிரல் எடுக்கும்: 4-2-3-2. கீழே எஃப் பக்கம் சுண்டு விரல் தயாராக இருக்கும். 3-2-இல் தொடங்குவது சுலபம், முதல் வாரமே பாட்டுக்கு பேஸ் போட்டுவிடலாம். ஆனால் பேஸ் வரிசையில் ஓட்டம் வரும்போது கை முழுவதும் குதிக்க வேண்டியிருக்கும். 4-3-க்கு எதிராக நியாயமான ஒரு வாதமும் உண்டு: மேலே சொன்ன பிணைந்த ஜோடியையே மாறி மாறி வேலை வாங்குகிறது. அதனால்தான் தொடக்கத்தில் கனமாக இருக்கிறது. விரலை உயரத் தூக்காதீர்கள். பட்டன் எழும் அளவுக்கு, சில மில்லிமீட்டர், விட்டால் போதும். விரல் பட்டனைத் தொட்டபடியே இருக்கட்டும். மிக மெதுவாக, துருத்தி ஒரே சீராக, பேஸைச் சற்று நீட்டி கார்டைச் சட்டென்று வெட்டி வாசியுங்கள். களைப்பு தெரிந்தால் நிறுத்திவிட்டுக் கொஞ்சம் கழித்து வாருங்கள். நாளுக்கு ஒரு நீளமான அமர்வைவிட இரண்டு மூன்று குட்டி அமர்வுகள் இந்த வேலைக்கு ஏற்றவை. ஏற்கெனவே பல வருஷம் 3-2-இல் ஊறியவர் என்றால் மாற்றச் சொல்ல மாட்டேன். நீங்கள் இப்போதுதான் தொடங்குகிறீர்கள்.

களைப்பு வேறு, வலி வேறு. தசை கடுத்து ஓய்வெடுத்தால் சரியாவது களைப்பு. சுண்டு விரலில் மரமரப்பு, இரவில் கூச்சம், மணிக்கட்டில் குத்தல், அல்லது வாசிக்கும்போது மட்டும் ஒரு விரல் வலியே இல்லாமல் தானாக உள்ளே சுருண்டுகொள்வது, இவற்றில் எது வந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். கடைசியாகச் சொன்னது நரம்பு மருத்துவர் பார்க்க வேண்டியது. கூடுதலாகப் பயிற்சி செய்து சரிக்கட்டப் பார்த்தால் மோசமாகலாம்.

பட்டன் அக்கார்டியன் கேள்வி. குரோமாட்டிக் பட்டன் அக்கார்டியன் (பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்களும் உண்டு, இழுத்தாலும் தள்ளினாலும் ஒரே ஸ்வரம்) அருமையான வாத்தியம். பட்டன்கள் நெருக்கமாக இருப்பதால் வலது கைக்கு எட்டும் தூரம் அதிகம். ஐந்து வரிசை உள்ளவற்றில், மூன்று வரிசைக்கு மேல் உள்ள இரண்டு வரிசைகளும் முதல் வரிசைகளையே திருப்பித் தருகின்றன, அதனால் ஒரு விரலமைப்பைக் கற்றால் அதையே எந்த சுருதிக்கும் நகர்த்தலாம். பாட்டுக்காரருக்குத் தகுந்தபடி கட்டை மாற்றி வாசிப்பவருக்கு இது பெரிய லாபம். ஆனால் விரல் தொல்லை போகாது, இடம் மாறும். ரஷ்ய வகைக் குரோமாட்டிக் பட்டன் அக்கார்டியனான பயானில் பழைய வழக்கப்படி கட்டைவிரலைப் பலகைக்குப் பின்னால் வைத்து நான்கு விரலால் வாசிப்பார்கள், அப்போது மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் வேலை கூடத்தான் செய்யும். இப்போது ஐந்து விரலையும் சேர்த்து வாசிப்பவர்கள் நிறையப் பேர். எது மேல் என்ற வாதம் முடியவில்லை. செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது இன்னொன்றும் பாருங்கள்: ஒரே பட்டன் இழுத்தால் ஒரு ஸ்வரம், தள்ளினால் வேறு ஸ்வரம் கொடுத்தால் அது டயட்டோனிக். அது வேறு வகை வாத்தியம், எல்லா சுருதியும் அதில் கிடைக்காது. மற்றபடி பெரும்பாலான குரோமாட்டிக் பட்டன் அக்கார்டியன்களில் இடது பக்கம் உங்களிடம் இப்போது இருக்கும் அதே பேஸ் அமைப்புதான். கடுக்கிற கை உங்களுக்கு இடது கை. மாற்றினாலும் அந்தக் கைக்கு அதே பட்டன்கள், அதே வார்.